கொரியாவில் லீ குன்-ஹீ குடும்பம் கொடுத்த ஓவியங்கள்: மே விடுமுறையில் போகிறேன், எதைப் பார்ப்பது?

பர்கூர் ஓவிய டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். என் தம்பி கொரியாவில், சுவோன் நகரத்தில் இன்ஜினியராக இருக்கிறான். "அக்கா, ஒரு லீவுக்காவது வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இந்த மே மாதம் போகப் போகிறேன். தம்பி மனைவி அரண்மனை, கடைத்தெரு, கடற்கரை என்று நீளமாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். நான் கேட்டிருப்பது ஒன்றுதான். சாம்சங் தலைவராக இருந்த லீ குன்-ஹீ வாழ்நாளெல்லாம் சேர்த்து, அவர் போன பிறகு வீட்டார் நாட்டுக்கு எழுதிக் கொடுத்தார்களே, அந்த நவீன ஓவியங்களைப் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அவர் 2020 அக்டோபரில் காலமானார். 2021 ஏப்ரலில் குடும்பம் ஏறக்குறைய 23,000 பொருட்களைக் கொடுப்பதாக அறிவித்தது. பழைய பீங்கான், புத்தர் சிலை, ஏடுகள், பழங்கால ஓவியங்கள் எல்லாம் கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயின. இருபதாம் நூற்றாண்டு ஓவியங்களும் சிற்பங்களுமாக 1,488 படைப்புகள் நவீன, சமகாலக் கலைக்கான தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதே ஆண்டு ஜூலையில் சியோலில் முதல் கண்காட்சி. கொரோனா காலமாதலால் முன்பதிவு செய்தவர்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள். 2025 இறுதியில் ஒரு பகுதி வாஷிங்டனுக்கும் போயிருக்கிறது.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "உங்க ஊரை வரைங்க" என்றால் எல்லார் தாளிலும் ஒரே படம் வரும். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை மரம், ஓட்டு வீடு. நம்ம பக்கத்து மலை எதுவுமே முக்கோணமாக இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். பாறை மேல் பாறை உருட்டி வைத்த மலைகள். தினமும் அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். கையில் பென்சில் வந்ததும் அது மறந்துபோய் வேறெங்கோ பார்த்த மலை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பொங்கல் முடிந்து எருது விடும் விழா தொடங்கியதும் கதையே வேறு. அதே பையன்கள் காளையை வரைந்தால் திமில், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி, கொம்பில் கட்டிய அலங்காரம், ஓடும்போது வால் எந்தப் பக்கம் வீசுகிறது என்பதுவரை சரியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு லீ ஜுங்-சோப் வரைந்த வெள்ளைக் காளையைப் போனில் காட்டினேன். எலும்பும் தசைநாரும் தெரிய, தலையைத் தாழ்த்தி, ஒரு காலைத் தூக்கி நிற்கும் படம். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், "டீச்சர், இது இன்னும் ஓட ஆரம்பிக்கலை, ஆனா இனிமே யாரும் பிடிக்க முடியாது" என்றான். அந்தப் படமும் இந்தக் கொடையில் வந்ததுதான் என்று பிறகு படித்தேன். அப்போதிருந்து நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது.

நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், இவை எப்போதும் மாட்டியிருக்குமா, குறைந்த நேரத்தில் எதைத் தவற விடக்கூடாது? நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு வந்து சொல்வதற்கு ஏற்ற ஓவியர்கள் யார் என்று சொன்னால் இன்னும் உதவியாக இருக்கும்.


மூக்கண்டப்பள்ளி எழுதியது:

வணக்கம் டீச்சர். நான் ஓசூர். கணவர் வேலைக்காக சியோலில் சில ஆண்டுகள் இருந்தோம். அந்த முதல் கண்காட்சியைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உங்கள் கேள்வியைப் படித்ததும் மற்ற வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்று. "லீ குன்-ஹீ ஓவியங்கள்" என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எப்போதும் மாட்டி வைத்திருக்க மாட்டார்கள். சியோலில் சோங்ஹ்யோன்-தோங் என்ற இடத்தில் தனிக் கட்டடம் கட்டுவதென்று 2021-லேயே முடிவு செய்தார்கள். அது வரும்வரை மாற்றி மாற்றித்தான் காட்டுவார்கள். காகிதத்திலும் பட்டிலும் வரைந்தவை வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும், ஆகவே சில மாதம் காட்டிவிட்டு இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். கிளம்பும் வாரத்தில் தம்பியை விட்டு அருங்காட்சியக இணையதளத்தில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நவீன, சமகாலக் கலைக்கான அந்த அருங்காட்சியகத்துக்கு நான்கு கட்டடங்கள். க்வாச்சோன், தொக்சுகுங், சியோல், சோங்ஜு. உங்களுக்கு முதல் மூன்றும் போதும். சுவோனிலிருந்து 1ஆம் எண் ரயிலில் ஏறினால் மாறாமலே சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கலாம். வெளியே வந்தால் தொக்சுகுங் அரண்மனை, அதற்குள்ளேயே ஓவியக்கூடம். சியோல் கட்டடத்துக்கு 3ஆம் எண் பாதையில் ஆங்குக் நிலையம். க்வாச்சோனுக்கு 4ஆம் எண் பாதையில் சியோல் கிராண்ட் பார்க். க்வாச்சோனும் தொக்சுகுங்கும் திங்கட்கிழமை திறக்காது.

இனி ஓவியங்கள். உங்கள் பையன் சொன்ன காளையிலிருந்தே தொடங்குகிறேன். லீ ஜுங்-சோப் 1916-இல் இப்போதைய வடகொரியாவில் பிறந்தவர். ஜப்பானில் படித்தார், அங்கேயே பழகிய யமமோதோ மசாகோ என்ற பெண்ணை 1945-இல் கல்யாணம் செய்தார். கொரியப் போரில் 1950 கடைசியில் தெற்கே அகதியாக வந்தார்கள். ஜெஜு தீவில் சோக்விபோ ஊரில் ஒரு சின்ன அறையில் மனைவி, இரண்டு பையன்கள், இவர் என்று ஒரு வருடத்துக்கும் குறைவாக வாழ்ந்தார்கள். அந்த அறை ஐம்பது சதுர அடிதான். இப்போதும் அங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். 1952-இல் வறுமை தாங்காமல் மனைவி பிள்ளைகளோடு ஜப்பான் போய்விட்டார். அதன் பிறகு ஒரே ஒரு முறை, சில நாள், அவர் அங்கே போய்ப் பார்த்தார். 1956-இல் சியோல் மருத்துவமனையில், பக்கத்தில் யாரும் இல்லாமல், நாற்பது வயதில் இறந்துபோனார்.

காளையை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் அவருடைய வெள்ளித்தாள் படங்களைத் தேடிப் பாருங்கள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பளபளத் தாளை விரித்து, கூரான முனையால் கீறி, மேலே சாயத்தைத் தேய்த்துத் துடைத்துவிடுவார். கீறலுக்குள் போன சாயம் மட்டும் நிற்கும். உள்ளங்கை அளவுதான். அதற்குள் குழந்தைகள், மீன், நண்டு எல்லாம் ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் கிடப்பார்கள். கான்வாஸ் வாங்கக் காசு இல்லாத காலம். அவற்றில் மூன்று படங்கள் அவர் உயிரோடு இருந்த காலத்தை ஒட்டியே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. உங்கள் பிள்ளைகளிடம் வரையத் தாள் இல்லை என்ற பேச்சு வந்தால் இதைச் சொல்லலாம். மசாகோவைக் காதலித்த நாட்களில் அவருக்கு அனுப்பிய அஞ்சலட்டைகளும் இந்தக் கொடையில் நிறைய இருக்கின்றன. ஒரு பக்கம் முகவரி, இன்னொரு பக்கம் படம் மட்டும், ஒரு எழுத்துகூட இருக்காது.

அப்புறம் பெக் நம்-சூன் என்ற பெண் ஓவியர். அவருடைய "சொர்க்கம்" 1936 வாக்கில் வரைந்தது. எட்டு மடிப்புத் திரை, அந்தக் காலத்துக் கொரிய வீடுகளில் வைப்பதுபோல. ஆனால் வரைந்திருப்பது மை அல்ல, எண்ணெய் வண்ணம். அருவி, மலை, குடிசை எல்லாம் கிழக்கத்திய ஓவியம்போல அடுக்கடுக்காக இருக்கும், மனிதர்கள் மட்டும் ஐரோப்பியப் படத்திலிருந்து இறங்கி வந்தவர்கள்போல இருப்பார்கள். இவர் பாரிஸில் படித்தவர். இவரும் கணவர் இம் யோங்-ரியோனும் வடக்கே ஓசான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே அவர்களிடம் படித்த மாணவர்தான் லீ ஜுங்-சோப். போரில் கணவர் கொல்லப்பட்டார், இருவருடைய படங்களும் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோயின. இந்தத் திரை ஒரு தோழிக்குக் கல்யாணப் பரிசாகப் போயிருந்ததால் தப்பியது. ஒரு பள்ளி ஆசிரியையின் போருக்கு முந்தைய உழைப்பில் மிச்சம் நிற்பது இது என்று தெரிந்த பிறகு அதன் முன்னாலிருந்து நகர மனம் வரவில்லை எனக்கு.

கிம் ஹ்வான்-கியின் "பெண்களும் ஜாடிகளும்" ஒரு சுவரையே அடைக்கும். அகலம் ஐந்தரை மீட்டருக்கு மேல். ஜாடியைத் தலையிலும் கையிலும் தாங்கிய பெண்கள், மான், கொக்கு, பூ வண்டி. 1950-களில் ஒரு துணி ஆலை முதலாளி தன் புது வீட்டுக்காக வரையச் சொன்னது. அந்தப் பெண்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பானை கொரியாவில் "நிலா ஜாடி" என்று பெயர் பெற்றது. கிம் அதைச் சேகரித்து வீட்டில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வரைந்தவர். பிற்காலத்தில் நியூயார்க் போய் வெறும் நீலப் புள்ளிகளாலேயே பெரிய பெரிய கான்வாஸை நிரப்பினார். இரண்டும் ஒரே நாளில் கிடைத்தால் இரண்டையும் பாருங்கள்.

உங்கள் தம்பி சுவோன் என்றீர்களே, அங்கேயே ஒன்று இருக்கிறது. நா ஹே-சோக், 1896-இல் சுவோனில் பிறந்தவர், எண்ணெய் வண்ணத்தில் வரைந்த முதல் கொரியப் பெண். பெண்ணுக்கு மட்டும் ஏன் தனி நியாயம் என்று 1934-இல் தன் மணமுறிவைப் பற்றி வெளிப்படையாகப் பத்திரிகையில் எழுதினார். ஊர் அவரை ஒதுக்கியது. 1948-இல் ஆதரவற்றோர் பிரிவில் இறந்தார். கொடையில் வந்த அவருடைய படம் சுவோனில் உள்ள ஹ்வாரியோங்ஜோன் என்ற மண்டபத்தின் முன் பூத்திருக்கும் பியோனிப் பூக்கள். மண்டபம் ஹ்வாசோங் அரண்மனை வளாகத்தில் இன்றும் நிற்கிறது. பக்கத்திலேயே சுவோன் கலை அருங்காட்சியகத்தில் அவர் பெயரில் ஒரு கூடம். தம்பி வேலைக்குப் போயிருக்கும் நாளில் நீங்களே நடந்து போய்விட்டு வரலாம்.


கிருஷ்ணகிரி கல்லுக்காரன் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். எனக்கு ஓவியம் தெரியாது. கல் தெரியும். இருபது வயதிலிருந்து கிரானைட் வேலைதான். வெளிநாட்டு ஆர்டர் விஷயமாகக் கொரியா போனபோது அங்கிருந்த ஒரு வியாபாரி, "உங்களுக்குப் பிடிக்கும், வாங்க" என்று கூட்டிப்போய்க் காட்டினார். பாக் சூ-குன் ஓவியங்கள். மேலே அக்கா அவரைப் பற்றி எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். டீச்சர் தவறவே விடக்கூடாத ஆள் இவர் என்பது என் எண்ணம்.

தூரத்திலிருந்து பார்த்தால் உளி கொத்தின கல்லில் யாரோ கோடு போட்டதுபோல இருந்தது. கிட்டே போனால் முழுக்க எண்ணெய் வண்ணம். சாம்பல், பழுப்பு, வெள்ளை என்று ஒரு பூச்சு, காய விட்டு அதன் மேல் குறுக்காக ஒரு பூச்சு, மறுபடி காய விட்டு நெடுக்காக ஒரு பூச்சு. இப்படி அடுக்கி அடுக்கி மேடும் பள்ளமுமாக ஆன பிறகுதான் கறுப்புக் கோட்டில் ஆட்களை வரைவாராம். பழைய கொரியக் கல் கோபுரங்களிலும் புத்தர் சிலைகளிலும் இருக்கும் அந்த மேற்பரப்புதான் அவருக்குப் பிடித்தமானது என்று அந்த வியாபாரி சொன்னார். கொரியாவும் கிரானைட் நாடு. நாங்கள் ஸ்லாப்பைப் பார்க்கும்போது நேராக நின்று பார்த்து முடிவு செய்ய மாட்டோம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் மேற்பரப்பு பேசும். பாக் சூ-குன் படத்தையும் அப்படிப் பாருங்கள். சட்டத்துக்கு ஓரமாக, சுவரை ஒட்டினாற்போல நின்று பாருங்கள். போட்டோவில் இது வரவே வராது. இதற்காகவே நேரில் போக வேண்டும்.

அவர் வரைந்தது யாரை? தெருவில் கூடை வைத்து உட்கார்ந்த பெண்கள், குழந்தையைச் சுமக்கும் சிறுமி, இலை உதிர்ந்த மரத்துக்குக் கீழே நடந்து போகிறவர்கள். 1954-இல் வரைந்த ஒன்று இந்தக் கொடையில் இருக்கிறது. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உலக்கை போடுகிறாள். குனிந்த முதுகு, இரண்டு கையும் உலக்கையில், குழந்தை தூங்குகிறது. எங்கள் பாட்டி ஊத்தங்கரையில் கேழ்வரகு இடித்ததை நான் பார்த்திருக்கிறேன். உடம்பின் எடை எந்தக் காலில் நிற்க வேண்டுமோ அந்தக் காலில் நிற்கிறது. கூர்ந்து கவனிக்காதவனால் அப்படி வரைய முடியாது.

ஓவியப் பள்ளிக்கூடம் போகாதவர் அவர். 1914-இல் யாங்கு என்ற மலைக்கிராமப் பக்கம் பிறந்தார், குடும்பம் நொடித்துப்போனதால் மேல்படிப்பு இல்லை. தானாகக் கற்றுக்கொண்டவர். போர் முடிகிற சமயத்தில் சியோலில் அமெரிக்க ராணுவக் கடையில் சிப்பாய்கள் கொண்டு வரும் குடும்ப போட்டோவைப் பார்த்து முகம் வரைந்து கொடுத்துப் பிழைத்தார். உயிரோடு இருந்தபோது அவர் படங்களை வாங்கியவர்களில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். ஒரு கண் பார்வை போய், 1965-இல் இறந்துவிட்டார். இன்று கொரியாவில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பொருட்கள் போன கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தவற்றில் ஜோங் சோன் என்பவர் 1751-இல் மையால் வரைந்த இன்வாங் மலை இருக்கிறது. மழை விட்ட பிறகு தெரியும் மலை. அந்த மலை வெளிறிய கிரானைட். ஆனால் படத்தில் பாறை கன்னங்கரேலென்று இருக்கும். பலர் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். கல் வேலை செய்கிறவனுக்கு அது கேள்வியே இல்லை. குவாரியில் பிளாக்கைப் பார்க்க வருகிறவர் முதலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்வார். நனைந்தால் கல் கறுக்கும், உள்ளே இருக்கும் நிறம் மேலே வரும். ஜோங் சோன் நனைந்த கல்லைப் பார்த்து வரைந்திருக்கிறார். நம்ம சையத் பாஷா மலையை ஐப்பசி மழை விட்டதும் பார்த்தால் அதே கறுப்புதான். டீச்சர் உங்கள் பிள்ளைகள் முக்கோண மலை வரைகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டுங்கள். முகடு உருண்டு, நீர் வழிந்த தடம் வெள்ளையாக விட்டு, அடிவாரத்தில் மூடுபனியோடு இருக்கும். தினமும் பார்க்கிற மலையை எப்படி வரைவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்த மலை சியோல் கட்டடத்துக்கு வெளியே வந்து மேற்கே பார்த்தாலே தெரியும்.


அதியமான்கோட்டை எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் தருமபுரியில் வரலாறு படிக்கிறேன். டீச்சர் பிள்ளைகளிடம் சொல்லும்போது பண விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

குடும்பம் கட்ட வேண்டியிருந்த வாரிசு வரி 12 லட்சம் கோடி வோனுக்கு மேல். அன்றைய மதிப்பில் சுமார் 80,000 கோடி ரூபாய். கொரியாவில் வாரிசு வரி 50 சதவீதம்வரை போகும், பெரிய பங்குதாரர்களுக்கு அதற்கு மேலும் உண்டு. ஐந்து ஆண்டுத் தவணையில் கட்டினார்கள். கொடுத்த ஓவியங்களின் மதிப்பு வரிக் கணக்கில் சேராது. இன்னொரு பக்கம், அப்போது ஓவியத்தைக் கொடுத்து வரியைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை, அது 2023-இல்தான் வந்தது. விற்றிருந்தால் வெளிநாட்டு ஏலத்தில் பெரும் பணம் கிடைத்திருக்கும், ஓவியங்களும் நாலா பக்கமும் போயிருக்கும். ஆகவே வெறும் வரிக்கணக்கு என்று தள்ளவும் முடியாது, வெறும் தாராள மனம் என்று கும்பிடவும் முடியாது. லீ குன்-ஹீ வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை பெற்று 2009 இறுதியில் அதிபரின் மன்னிப்பு பெற்றவர் என்பதும் பதிவான செய்திதான். நம் நாட்டில் எஸ்டேட் டியூட்டி என்ற வாரிசு வரியை 1985-இலேயே எடுத்துவிட்டார்கள். நம்மிடம் எந்தக் குடும்பத்தையும் இப்படியொரு முடிவை எடுக்கும்படி யாரும் நிற்க வைக்கவில்லை.

எனக்கு இந்தக் கொடையில் மிகவும் பிடித்த பகுதி வேறு. எல்லாவற்றையும் தலைநகரில் குவிக்கவில்லை. நூறுக்குச் சற்று மேற்பட்ட படைப்புகளை ஐந்து வெளியூர் அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். குவாங்ஜுவுக்கு 30, தேகுவுக்கும் தெற்கு ஜொல்லாவுக்கும் தலா 21. லீ ஜுங்-சோப் அகதியாக இருந்த சோக்விபோவுக்கு அவருடைய 12 படங்கள். பாக் சூ-குன் பிறந்த யாங்குவுக்கு 18. யாங்கு வடகொரிய எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர், நம்ம பென்னாகரம், அரூர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பிறந்த பிள்ளை தன் ஊர்க்காரர் வரைந்ததைப் பார்க்கத் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

நம்ம தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊர் எடுத்த கல். வில்லைப் பிடித்திருக்கும் கை, பாய்கிற கால், பக்கத்தில் மாடு. மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை வண்ணத்தில் குதிரை வீரர்கள். உங்கள் பள்ளியிலிருந்து அது எட்டிவிடும் தூரம்தானே. கொரியா போய் வந்து அவர்கள் காளையைக் காட்டும் அதே வாரத்தில் இவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் டீச்சர். அவர்கள் ஊர்ப் படம் அவர்கள் ஊரிலேயே இருக்கிறது என்பது தெரியட்டும்.


பர்கூர் ஓவிய டீச்சர் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கல்லுக்கார அண்ணா, நனைந்த பாறை பற்றி நீங்கள் எழுதியதை இன்றே வகுப்பில் சோதித்தேன். மைதானத்தில் கிடந்த கருங்கல் மேல் பிள்ளைகளை விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். பாதி நனைந்து பாதி காய்ந்து கிடந்ததைக் கரியால் வரையச் சொன்னேன். ஒருத்தர் தாள்கூட மற்றவர் தாளைப் போல இல்லை. வழக்கமாக அழிப்பானைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கும் ஒரு பெண் இன்று அதைக் கேட்கவே இல்லை. ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டுமே.

அதியமான்கோட்டை தம்பி, நீ சொன்ன பண விஷயத்தையும் சொல்வேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது புரியும். அவர்கள் வீட்டில் பாகப் பிரிவினை பார்க்காத பிள்ளை யார்? மல்லப்பாடிக்கு ஜூலையில் கூட்டிப்போகத் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் குதிரை வீரர்களை நானே இன்னும் ஒழுங்காக நின்று வரைந்ததில்லை, அதையும் செய்ய வேண்டும்.

ஆனால் இப்போது என் திட்டமே மாறிவிட்டது. சியோலில் மூன்று கட்டடமும் அலைவதைவிட, இரண்டைப் பார்த்துவிட்டு ஒரு நாளை யாங்குவுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. பாக் சூ-குன் பிறந்த ஊரிலேயே அவர் படத்தைப் பார்க்க வேண்டும். தம்பி மனைவி கடற்கரைக்குப் பதில் இது என்றால் முகம் சுளிப்பாள், பரவாயில்லை, சமாளிக்கிறேன். மூக்கண்டப்பள்ளி அக்கா, அங்கே போவது கஷ்டமா? படம் பிடிக்க விடுவார்களா?


மூக்கண்டப்பள்ளி எழுதியது:

கஷ்டமே இல்லை டீச்சர். சியோலில் தோங்-சியோல் பேருந்து நிலையம் என்று ஒன்று இருக்கிறது, 2ஆம் எண் ரயிலில் காங்ப்யோன் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே. அங்கிருந்து யாங்குவுக்கு நேர் பஸ், சுமார் இரண்டு மணி நேரம். சுவோனிலிருந்து வருவதானால் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், அன்று மாலையே திரும்பிவிடலாம். அருங்காட்சியகம் அவர் பிறந்த இடத்திலேயே 2002-இல் கட்டியது. சுவர் முழுக்கக் கல் அடுக்கியிருக்கும், கல்லுக்கார அண்ணாவுக்குக் கட்டடத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். படம் பிடிக்கும் விதி ஒவ்வொரு கண்காட்சிக்கும் மாறும், வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மட்டும் எங்கேயும் கூடாது.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கட்டாயம் எடுத்துப் போங்கள். பேனா வேண்டாம், ஓவியத்துக்குப் பக்கத்தில் மை கொண்டு போக விடமாட்டார்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள்.